சாய்தளம் கேட்டால் சால்வை!

மாநகராட்சியிடம் மாற்றுத்திறனாளிகள் கேட்பது என்ன, சட்டம் தருவது என்ன, கைக்கு வருவது என்ன?

மூன்று படிகள். ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் உயரம். நம் ஊர்களில் பல மாநகராட்சி அலுவலகங்களின் வாசல் இப்படித்தான் இருக்கிறது. ஏறிப் போகிறவர்கள் அந்தப் படிகளை எண்ணுவதில்லை. வீல்சேரில் வருகிறவர் எண்ணாமல் இருக்க முடியாது.

மூன்று படி என்றால் 45 சென்டிமீட்டர் ஏற்றம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்த வாசலுக்கு 5.4 மீட்டர் நீளத்தில் சாய்தளம் வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். மேலே போய் நின்று திரும்பச் சமதளம் வேண்டும். பல இடங்களில் இருப்பதோ, படியை ஒட்டி இரண்டு மீட்டருக்குச் சிமென்ட் பூசிய ஒரு சரிவு. பைக்கை உள்ளே ஏற்ற அது தோதுப்படும். வீல்சேரில் தனியாக ஏற முயன்றால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஆள் மல்லாந்து விழ வேண்டியதுதான். ஆனால் ஆய்வுக்கு வருகிறவர், 'சாய்தள வசதி: உண்டு' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்விடலாம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். மேடை, சால்வை, மூன்று சக்கர வண்டி, தையல் இயந்திரம், புகைப்படம் என்று விழா களைகட்டும். கொடுப்பவருக்கு மகிழ்ச்சி, வாங்குபவருக்குப் பயன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை அதே வண்டியில் சொத்து வரி விஷயமாக ஒருவர் மண்டல அலுவலகத்துக்கு வந்தால், வாசலில் அவருக்குக் கிடைக்கும் முதல் கேள்வி, 'கூட யாரும் வரலையா?'

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். பிறப்புச் சான்றிதழ், சொத்து வரி, குடிநீர், குப்பை, தெருவிளக்கு, நடைபாதை, பூங்கா, ஆரம்ப சுகாதார நிலையம் என்று அன்றாட வாழ்க்கையில் அவர்கள் அதிகம் தொட்டுப் பழகும் அரசு, உள்ளாட்சி அரசுதான். கோட்டைக்குப் போகாமல் ஒருவர் ஆயுள் முழுக்க வாழ்ந்துவிடலாம். வார்டு அலுவலகத்துக்குப் போகாமல் முடியாது. எனவே மாநகராட்சியின் வாசலில் இருந்தே தொடங்குவோம்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. அதற்கேற்ப நாடாளுமன்றம் 2016-ல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகைகள்.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. முதலாவது, எல்லோருக்குமான அணுகல் வசதி. கட்டடம், நடைபாதை, பேருந்து நிறுத்தம், இணையதளம் எல்லாமே மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி முன்கூட்டியே அமைந்திருக்க வேண்டும். யாரும் வந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. இரண்டாவது, தனி ஒருவரின் தேவைக்கேற்பச் செய்துதரும் மாற்றம். சட்டம் இதை 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்கிறது. நாம் 'நியாயமான ஏற்பாடு' என்று வைத்துக்கொள்வோம். சாய்தளம் சரியாகவே இருந்தாலும், பார்வையற்ற ஒருவருக்கு அச்சில் வரும் நோட்டீஸ் பயன்படாது. அதைக் கணினி படித்துக்காட்டும் வடிவில் தரச் சொல்லி அவர் கேட்கலாம். அப்படிக் கேட்பது இரண்டாவது வகை.

சட்டத்தின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. எதெல்லாம் பாகுபாடு என்று விளக்கும் 2(ஹெச்) பிரிவு, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையும் பாகுபாட்டின் பட்டியலில் சேர்க்கிறது. 'உன்னை உள்ளே விட மாட்டேன்' என்று ஒரு அதிகாரி சொல்வதும், கீழே இறங்கி வந்து கையெழுத்து வாங்க மறுப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். இந்த ஏற்பாடு கிடைப்பதை உறுதிசெய்யும் கடமை அரசுக்கு உண்டு என்று 3(5) பிரிவு சொல்கிறது. ஒரே ஒரு வரம்புதான். கேட்கப்படும் மாற்றம் அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது.

'நாற்பது சதவிகிதக் குறைபாட்டுச் சான்றிதழ் இருக்கிறதா?' என்ற கேள்வியையும் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வர், குடிமைப்பணித் தேர்வில் தனக்குப் பதிலாக எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார். நாற்பது சதவிகிதக் குறைபாடு இல்லை என்று தேர்வாணையம் மறுத்தது. விகாஷ் குமார் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு தேர்வர் பக்கம் நின்றது. இடஒதுக்கீட்டுக்குத்தான் அந்த நாற்பது சதவிகித வரையறை. நியாயமான ஏற்பாட்டைக் கேட்க அது தடையாக முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

கட்டடங்களுக்குக் கெடுவும் உண்டு. சட்டத்தின் விதிகள் 2017 ஜூன் 15 அன்று வெளியாகின. ஏற்கெனவே இருக்கும் எல்லாப் பொதுக் கட்டடங்களையும் ஐந்து ஆண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 45-வது பிரிவு. 2022 ஜூனோடு அந்தக் கெடு முடிந்துவிட்டது. சுகாதார நிலையம், பள்ளி, பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களில் எதை முதலில் மாற்றப்போகிறோம் என்று உள்ளாட்சி அமைப்புகள் செயல்திட்டம் தயாரித்து வெளியிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் மாநகராட்சியின் செயல்திட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால், கேளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது, பணி நிறைவுச் சான்றும் தரக் கூடாது என்கிறது 44-வது பிரிவு. கட்டட அனுமதி தரும் வேலையைச் செய்வது யார்? அதே மாநகராட்சிதான். ஊரார் கட்டும் வீட்டுக்கும் கடைக்கும் விதியைக் காட்டி அளக்கும் டேப், சொந்த அலுவலகத்தின் வாசலில் மட்டும் சுருண்டு கிடக்கிறது.

ஒரு ரூபாய்கூடச் செலவாகாது

மாற்றுத்திறனாளிகள் வசதி கேட்கிறார்கள் என்றதும் பொறியாளர்களுக்கு லிஃப்ட்டும் டெண்டரும்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் கேட்கப்படுவதில் பெரும்பகுதிக்குப் பணமே தேவையில்லை.

அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறதா? வீல்சேரில் வருகிறவருக்காக அதிகாரி கீழே இறங்கி வரலாம். விசாரணைக் கூட்டத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றலாம். நீண்ட நேரம் நிற்க முடியாதவருக்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்கலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர் உடன் ஒருவரை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் பேச அனுமதிக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தையோடு வரும் தாயை இரைச்சலான வரிசையில் நிறுத்தாமல், தனியே உட்காரவைத்து வேலையை முடித்து அனுப்பலாம்.

சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913. பேச முடிந்தவருக்கும் காது கேட்பவருக்கும் அது நல்ல வசதி. காது கேளாத ஒருவர் ஆன்லைனில் புகார் பதிகிறார் என்று வையுங்கள். சரிபார்ப்பதற்காக ஊழியர் ஒருவர் போன் செய்கிறார். மறுமுனையில் அழைப்பை எடுக்க முடியாது. 'புகார்தாரரைத் தொடர்புகொள்ள இயலவில்லை' என்று புகார் முடித்துவைக்கப்பட்டால் யார் மேல் தப்பு? போனுக்குப் பதில் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள் என்று ஒரு வரி உத்தரவு போட்டால் தீர்ந்தது.

அதே போலத்தான் இணையதளமும். கடிதத்தை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றுவது நம் அலுவலகப் பழக்கம். பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். ஒரு எழுத்தைக்கூட அதனால் வாசிக்க முடியாது. கணினியில் தட்டச்சு செய்த மூலக் கோப்பையே சேர்த்து ஏற்றினால் போதும். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஸ்கேன் செய்த நோட்டீஸ் இனிமேல் வெறும் அசௌகரியம் அல்ல.

பணம் செலவாகாத ஏற்பாட்டையும் மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பையில் 2023 அக்டோபரில் நடந்த சம்பவம் சாட்சி. வீல்சேர் பயன்படுத்தும் ஒரு மணப்பெண் திருமணத்தைப் பதிவு செய்யப் போனார். பதிவு அலுவலகம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. அதிகாரி கீழே வரவில்லை. மணக்கோலத்தில் இருந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டுதான் படியேறினார்கள். செய்தி பரவியதும் அன்றைய துணை முதல்வர் தேவேந்திர பட்னாவிஸ் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அதிகாரி ஒருவர் இரண்டு மாடி இறங்கியிருந்தால் துணை முதல்வர் வருத்தம் தெரிவிக்கும் நிலையே வந்திருக்காது.

மெரினா சொல்லும் பாடம்

சென்னையில் நல்லது நடக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். 2022 நவம்பர் 27 அன்று மெரினா கடற்கரையில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், செலவு 1.14 கோடி ரூபாய். அதுவரை டிசம்பர் மாதத்தில் சில நாள் போட்டுவிட்டு எடுத்துவிடும் தற்காலிகப் பாதைதான். நாற்பது, ஐம்பது வயதில் முதல்முறையாக அலையில் கால் நனைத்தவர்கள் அன்று அழுதார்கள், சிரித்தார்கள்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்தது. பாதையின் கடலோரப் பகுதி பெயர்ந்துபோனது. பிறகு சரிசெய்தார்கள். இயற்கைச் சீற்றத்துக்கு மாநகராட்சியைக் குறை சொல்ல முடியாது. ஆனால், ஒரு பாதையைத் திறந்துவைப்பவரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அதன் பலகை ஒன்று பெயர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. மணல் மூடினால்? இரவுக் கடைக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தினால்? திறப்பு விழாவோடு வசதி முடிந்துவிடுவதில்லை, அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பேருந்திலும் இதே கதைதான். மாற்றுத்திறனாளி அமைப்புகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்காடியதன் பலனாக, 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைக்கு வந்தன. 2025 ஜூனில் 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் சேர்ந்தன. ஓட்டுநர் பேருந்தை ஒரு பக்கம் தாழ்த்துவார், மடிப்புச் சாய்தளம் விரியும். எங்கே விரியும்? பேருந்து நடைபாதையை ஒட்டி நின்றால்தான் அது பயன்படும். நிறுத்தத்தில் ஆட்டோவும் பைக்கும் தள்ளுவண்டியும் நின்றால் பேருந்து நடுச்சாலையில்தான் நிற்கும். பேருந்து வாங்கியது போக்குவரத்துக் கழகம். நிறுத்தமும் நடைபாதையும் மாநகராட்சியின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் பயணி.

நடைபாதையில் வண்டி ஏறாமல் தடுக்க நடப்படும் இரும்புத் தூண்களைப் பாருங்கள். வீல்சேர் தடையில்லாமல் போக 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தூண்களை நெருக்கி நட்டால் பைக் நிற்கும், வீல்சேரும் நிற்கும். மும்பையில் ஒரு வீல்சேர் பயனாளி இதைப் பற்றி உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு மின்னஞ்சல் எழுதினார். 2023-ல் மும்பை உயர் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டு மாநகராட்சியைக் கேள்வி கேட்டது. தூண்களுக்கு நடுவே இடைவெளி கேட்பதற்கும் தலைமை நீதிபதிவரை போக வேண்டியிருக்கிறதே என்பதுதான் நம் கவலை.

யாரிடம் கேட்பது?

பிரச்னையின் முடிச்சு இதுதான். சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. கேட்பவர் தட்ட வேண்டிய கதவு எது என்பதுதான் தெரியவில்லை.

மாநகராட்சி ஊழியராக இருக்கும் மாற்றுத்திறனாளிக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். பதிவான புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்று 23-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அது வேலைவாய்ப்பு தொடர்பான குறைகளுக்கு மட்டும். கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு அலுவலரும் ஒரு கெடுவும் கிடைத்திருக்கின்றன. கவுன்ட்டருக்கு வெளியே வரி கட்ட வந்து நிற்கும் மாற்றுத்திறனாளிக்கு அப்படி யாரும் இல்லை. அவருடைய கோரிக்கை தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்ற மனுக்களோடு சேர்ந்து அதே பெட்டியில் விழுகிறது. பொறியியல் பிரிவு வருவாய்ப் பிரிவைக் காட்டும். வருவாய்ப் பிரிவு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் காட்டும். அங்கே, 'இது மாநகராட்சி வேலைங்க' என்பார்கள்.

அமெரிக்காவில் இந்த ஓட்டையைத்தான் முதலில் அடைத்தார்கள். 1990 ஜூலை 26 அன்று கையெழுத்தான அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளின்படி, 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் எந்த உள்ளாட்சி அமைப்பும் இதற்கென ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் முகவரியையும் பொதுமக்களுக்கு அறிவித்தாக வேண்டும். புகார் நடைமுறையையும் எழுத்தில் வெளியிட வேண்டும். நியூயார்க் நகரம் 2016-ல் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு துறையிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று உள்ளூர்ச் சட்டமே போட்டது.

அங்கேயும் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. டென்னஸி மாநிலத்தில் ஜார்ஜ் லேன் என்பவர் வழக்கு விசாரணைக்காக லிஃப்ட் இல்லாத நீதிமன்றக் கட்டடத்தில் தவழ்ந்து இரண்டாவது தளம் ஏறினார். மறுமுறை தவழவும் தூக்கிச் செல்லப்படவும் மறுத்ததால், ஆஜராகவில்லை என்று கைது செய்யப்பட்டார். அவருடைய வழக்கில் 2004-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நடைபாதையும் நகர நிர்வாகத்தின் சேவைதான் என்பதை சாக்ரமென்டோ நகரத்துக்கு 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் உடைந்த நடைபாதைகளுக்காக வழக்கில் மாட்டி, 30 ஆண்டுகளில் சுமார் 140 கோடி டாலர் செலவிட 2015-ல் ஒப்புக்கொண்டது. அந்த உடன்பாட்டின்படி, தன் தெருவில் சரிவு வேண்டும் என்று ஒரு மாற்றுத்திறனாளி விண்ணப்பித்தால் அதற்கென்று தனி நிதி உண்டு. முன்னாலேயே செய்யாமல் விட்டதன் விலைதான் அந்த 140 கோடி டாலர்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகத்தான் மறுப்பார்கள். எழுத்தில் கேளுங்கள். ஒரு பக்கம் போதும்.

1. தடை என்ன என்று துல்லியமாகச் சொல்லுங்கள். 'வசதி இல்லை' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'இந்த மண்டல அலுவலகத்தில் சொத்து வரிப் பிரிவு முதல் மாடியில் உள்ளது. லிஃப்ட் இல்லை. நான் வீல்சேர் பயன்படுத்துகிறேன். இந்தத் தேதியில் வந்து திரும்பிச் சென்றேன்' என்று எழுதுங்கள்.

2. என்ன ஏற்பாடு வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். 'ஆவன செய்யவும்' என்று முடிக்காதீர்கள். 'என் மனு மீதான விசாரணையைத் தரைத்தளத்தில் நடத்த வேண்டும்' என்று கேளுங்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டுமா, தட்டச்சுக் கோப்பு வேண்டுமா, கூடுதல் நேரம் வேண்டுமா, அதையும் குறிப்பிடுங்கள். முடிந்தால் ஒரு மாற்று வழியையும் சேர்த்து எழுதுங்கள்.

3. சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவுகள் 2(ஹெச்), 2(ஒய்), 3(5). கட்டடம் பற்றியதென்றால் 45-ம் சேர்த்து. கெஞ்சும் வாசகம் ஒன்றும் தேவையில்லை.

4. எந்த நாளுக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். 'நிதி இல்லை' என்றால் எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீட்டையும் கேளுங்கள்.

5. மருத்துவ வரலாறு முழுவதையும் இணைக்க வேண்டாம். கேட்கும் ஏற்பாட்டுக்குத் தேவையான ஆவணம் போதும். உங்கள் உடல்நிலை பற்றிய எல்லாம் அலுவலகக் கோப்பில் சுற்ற வேண்டியதில்லை.

6. மண்டல அலுவலருக்கு முகவரியிட்டு, மாநகராட்சி ஆணையருக்கு நகல் வையுங்கள். நேரில் கொடுத்தால் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். தபாலென்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பொதுமக்களின் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் பதிலும் தர வேண்டும் என்று 2015 செப்டம்பரில் தமிழக அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்ட 99-வது அரசாணை சொல்கிறது. மனுவில் அதையும் ஒரு வரி குறிப்பிடலாம்.

பதில் வராவிட்டால்?

முதல் படி, தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். என் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பு யாரிடம் எத்தனை நாள் இருந்தது, கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பலருக்கும் தெரியாத ஒன்று: பார்வை, செவித்திறன் போன்ற புலன் குறைபாடு உள்ளவருக்குத் தகவலை அணுகத் தேவையான உதவியைப் பொதுத் தகவல் அலுவலரே செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 7(4) பிரிவு சொல்கிறது.

இரண்டாவது படி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அவருக்கு சாட்சியை அழைக்கவும் ஆவணத்தை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. வழக்கறிஞர் வைத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆணையர் ஒரு பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அமைப்பு மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும்; ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், அதற்குப் பிறகும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் என்று 89-வது பிரிவு சொல்கிறது.

கடைசியாக உயர் நீதிமன்றம். செலவுக்கு அஞ்ச வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

அதிகாரிகள் சொல்லும் மூன்று காரணங்கள்

'பாரம்பரியக் கட்டடம், இடிக்க முடியாது' என்பது முதல் காரணம். 1913-ல் கட்டிமுடித்த சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையை இடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பழைய கட்டடத்தில் லிஃப்ட் வைக்க முடியாமல் போகலாம். அந்த மறுப்பு நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அதே சேவையைத் தரைத்தளத்தில் தர முடியாது என்பதற்கு எந்தப் பாரம்பரியமும் காரணமாக முடியாது. கேட்டதையே தர முடியாதபோது, அதே பலனைத் தரும் வேறொன்றை உட்கார்ந்து பேசி முடிவு செய்வதுதான் நியாயமான ஏற்பாடு.

'நிதி இல்லை' என்பது இரண்டாவது. சில நேரம் அது உண்மை. எல்லா நடைபாதையையும் ஒரே ஆண்டில் மாற்ற எந்த மாநகராட்சியாலும் முடியாது. அதனால்தான் சட்டம் முன்னுரிமைச் செயல்திட்டம் கேட்கிறது. திட்டமே போடாத ஒருவர் நிதி இல்லை என்று சொன்னால் அதை எப்படி நம்புவது?

'வருகிறவர்களே குறைவு' என்பது மூன்றாவது. படியைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் வருகைப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். மெரினாவில் பாதை போடும் முன் அலைவரை போன வீல்சேர்கள் எத்தனை என்று எண்ணியிருந்தால், அங்கேயும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு சட்டச் சந்தும் இருந்தது. 2017-ம் ஆண்டு விதிகளில் 15(1) விதி காட்டிய தரங்கள் பலவும் 'செய்யலாம்' என்ற தொனியில் இருந்தன. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி தாய்ச் சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு விதித்தது. 'இது வெறும் வழிகாட்டுதல்தானே' என்ற சாக்குக்கு இனி சட்டத்தில் இடமில்லை.

மன்றத்துக்குள் ஒரு குரல்

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தையும் ஊராட்சிகள் சட்டத்தையும் திருத்தி, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தது. நூறு உறுப்பினர்களுக்கு மேல் உள்ள மன்றத்துக்கு இரண்டு பேர், மற்றவற்றுக்கு ஒருவர். 200 வார்டுகள் கொண்ட சென்னை மாமன்றத்துக்கு இரண்டு இருக்கைகள். பாராட்ட வேண்டிய சட்டம். அந்த இருக்கைகளுக்கு வருகிறவர்கள் சால்வைக்கும் குழுப் புகைப்படத்துக்கும் மட்டும் அழைக்கப்படக் கூடாது. முதல் கூட்டத்திலேயே அவர்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் நான்கு.

ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் அணுகல் பொறுப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் எண்ணையும் வாசலில் எழுதி வையுங்கள். நியாயமான ஏற்பாடு கேட்டு வரும் மனுக்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, பதினைந்து நாளில் எழுத்தில் பதில் தாருங்கள். 45-வது பிரிவு கேட்கும் செயல்திட்டத்தை வெளியிட்டு, ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் அதற்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். முடிந்த வேலையை, அதைப் பயன்படுத்தப்போகும் மாற்றுத்திறனாளிகளே அளந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுங்கள்.

இந்த நான்கில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. மாமன்றத்தின் ஒரு தீர்மானமும் ஆணையரின் ஒரு சுற்றறிக்கையும் போதும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகும்போது கையில் ஒரு டேப் எடுத்துப் போங்கள். படிகளின் மொத்த உயரத்தையும் சாய்தளத்தின் நீளத்தையும் அளந்து, உயரத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். கணக்கு இடித்தால் அங்கேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாற்றுத்திறனாளிதான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.